தோள்மூட்டுத் தசைநாணில் கல்சியப் படிவு: அனுபவித்தவர்கள் எழுதுங்கள்

கல்லடியிலிருந்து, ஓர் ஆசிரியை:

கடந்த வருடம் இரண்டாம் தவணையின் நடுவில் என் வலது தோள் வலிக்கத் தொடங்கியது. கரும்பலகையின் மேல்வரியில் எழுதுவதற்குக் கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது, தோள் மட்டத்தை எட்டும் இடத்தில் சுள்ளென்று இழுக்கும். அதையும் தாண்டி உயர்த்தினால் சற்றுத் தணியும். நான் முதலில் போன இடத்தில் எக்ஸ்றே எடுக்காமலேயே உறைதோள் என்று முடிவு செய்து, வலியைப் பொறுத்துக்கொண்டு கையை இழுத்து நீட்டும்படி சொன்னார்கள். ஆறு வாரங்கள் அப்படியே செய்தேன். உறைதோளில் மற்றவர் பிடித்து அசைத்தாலும் கை எல்லாப் பக்கமும் இறுகி நிற்கும் என்பதும், என் கை அப்படி இறுகவில்லை என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஆறு வாரங்களை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

பிறகு ஒரு நாள் நள்ளிரவில், நுளம்பு வலையை விலக்கக்கூடக் கையைத் தூக்க முடியாத வலி வந்தது. சட்டைக் கை தோளில் உரசுவதையே தாங்க முடியவில்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்த டொக்டர், மேற்கை எலும்பின் தலைக்குச் சற்று மேலே கச்சான் பருப்பளவில் தெரிந்த வெள்ளைப் புள்ளியைப் பேனா முனையால் காட்டினார். நான் ஆசிரியை என்று அறிந்துகொண்டு அவர் தந்த விளக்கத்தை மறக்க மாட்டேன். கையை உயர்த்த உதவும் தசையின் நாணில் இந்தக் கல்சியம் படியும்போது வெண்கட்டிபோல் இறுகி இருக்கும். அப்போது வலி குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். உடல் தானாகவே அதைக் கரைக்கத் தொடங்கும்போது பற்பசைபோல இளகி, மேலே தசைநாண் உராயாமல் காக்கும் சிறு நீர்ப்பைக்குள் கசிந்து அழற்சியைக் கிளப்பும். ஆகவே மிகக் கடுமையான வலி, பெரும்பாலும் படிவு கரையும் காலத்து வலியே என்றார். வலி குறையவில்லை என்றாலும் பயம் அன்றே போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்சியம் என்ற சொல்லைக் கேட்டதும் அயலவர்கள் சொன்னபடி பாலையும் நெத்தலியையும் முருங்கையிலையையும் ஒரு மாதம் நிறுத்தியிருந்தேன். இரத்தத்தில் கல்சியம் சரியான அளவிலேயே இருந்தது. உணவில் உள்ள கல்சியம் இந்தப் படிவை உண்டாக்குவதில்லை. முப்பதிலிருந்து அறுபது வயதுக்கு இடைப்பட்டவர்களில், அதிலும் பெண்களில், இது கூடுதலாகக் காணப்படுகிறது. சீனி வருத்தமும் தைரொயிட் கோளாறும் உள்ளவர்களிலும் அப்படியே. ஏன் படிகிறது என்பதற்குத் தெளிவான விடை மருத்துவத்தில் இன்னும் இல்லையாம்.

வலி மாத்திரைகள் தருவதற்கு முன் பிரசரையும் சிறுநீரகத்தையும் பார்த்தார்கள். ஐஸ் ஒத்தடமும் ஓய்வும் சேர்ந்தும் பத்து நாட்களாகத் தூக்கம் வராததால், கொழும்பில் ஸ்கான் பார்த்தபடியே ஊசியால் படிவைக் கழுவி எடுக்கும் சிகிச்சையைச் செய்துகொண்டேன். விறைக்கச் செய்துவிட்டு உப்புநீரைச் செலுத்தி இழுத்தபோது, சிரிஞ்சுக்குள் அரிசி கழுவிய தண்ணீரைப்போல வெள்ளையாக வந்து அடியில் மாவாகப் படிந்ததைக் கண்ணால் கண்டேன். அதன்பின் சில நாட்கள் தோள் நொந்தது. பிறகு மேசையைப் பிடித்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் பயிற்சியில் தொடங்கினேன். மூன்றாம் மாதத்து எக்ஸ்றேயில் மங்கிய நிழல் மட்டுமே தெரிந்தது.

மருதமுனையிலிருந்து, ஒரு கைத்தறி நெசவாளர்:

சகோதரி, எனக்கும் இதே வருத்தம்தான்; ஆனால் என் படிவு கரையவில்லை. இரண்டு வருடங்களுக்குப் பிறகும் படத்தில் அப்படியே இருக்கிறது. படிவு இருந்தும் வலியே இல்லாதவர்கள் பலர் உண்டு என்றும், படத்துக்கு அல்லாமல் வலிக்குத்தான் வைத்தியம் என்றும் டொக்டர் சொன்னார். பிசியோதெரபியில் தோள்பட்டையைப் பின்னுக்கு இழுத்துப் பலப்படுத்தும் பயிற்சிகளைச் சொல்லித் தந்தார்கள். அவற்றை விடாமல் செய்து நாள்தோறும் தறியில் இருக்கிறேன். சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எனக்குத் தோளில் ஸ்டீரொயிட் ஊசி போட்ட பின்னர் சில நாட்கள் சீனி வெகுவாக ஏறியது. முன்னதாகவே சொல்லியிருந்தபடியால் வீட்டில் அளந்து பார்த்துச் சமாளித்தோம்.

அக்கரைப்பற்றிலிருந்து, ஒரு மகள்:

அம்மாவுக்கு இடது தோளில் திடீரென வலி எடுத்து வியர்த்ததும், இருதயமோ என்று அஞ்சி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்த பிறகே தோளை எக்ஸ்றே எடுத்தார்கள்; படிவு அதில்தான் தெரிந்தது. இடது தோளில் வலி வந்து நெஞ்சும் இறுகினால், முன்பே கல்சியம் இருப்பதாகத் தெரிந்தவர்கள்கூட வீட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அக்கா, கொழும்பில் ஊசி போட்ட பிறகு எத்தனை நாளில் கரும்பலகையில் எழுதினீர்கள்?

கல்லடி ஆசிரியை:

தங்கச்சி, ஐந்தாம் வாரத்தில். மேல்வரியை மட்டும் இரண்டு மாதம் பிள்ளைகளே எழுதினார்கள்.