புல்லுமலைக்கு வேலி: நாகமேரு பூவைக் காக்குமா, கெடுக்குமா?

ஊவா_நடைகாரன்
எங்கள் தோட்டத்துக்கு மேலே, மானாப் புல் மண்டிய சரிவில், நாகமேரு ஓர்க்கிட் இன்னும் இருக்கிறது. தாவரவியல் பெயர் இப்சியா ஸ்பெசியோசா. காட்டுச் செடியாக இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. ஓர்க்கிட்களில் பல மரத்தில் தொற்றி வளரும். இது தரையில், புல்லுக்கு நடுவே, மெல்லிய தண்டில் பெரிய மஞ்சள் பூ விடும். வாசமும் உண்டு. சனியன், இதன் கிழங்கு வசியத்துக்கு ஆகும் என்ற நம்பிக்கையும் உண்டு. அதனால்தான் தோண்டுகிறார்கள். போன வாரமும் புதுக் குழிகள் கண்டேன்.

நானும் நண்பர்களும் தோட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதுகிறோம். சரிவைச் சுற்றி முள்கம்பி வேலி, மாடு மேய்க்கவும் புல் அறுக்கவும் தடை, வெட்டையாகக் கிடக்கிற இடத்தில் நாட்டு மரக்கன்றுகள். கையெழுத்துப் போடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.

லயத்து_செல்வி
அண்ணே, இருக்கிறது. அந்தப் புல்லைத் தின்றுதான் எங்கள் மாடு பால் தருகிறது. கொழுந்துச் சம்பளத்தில் கடைக்கணக்கே அடைபடாது; பால் காசில்தான் பிள்ளைகளின் டியூஷன் ஓடுகிறது. தேயிலைக்குள் மாட்டை விட முடியாது. ரோட்டோரப் புல்லுக்கு மருந்து அடித்திருப்பார்கள். மிச்சம் அந்தச் சரிவு ஒன்றுதான்.

கிழங்கு தோண்டுகிறவன் பகலில் வருவதில்லை. கம்பியை வெட்ட அவனுக்கு ஒரு குறடு போதும். வேலி தடுக்கப்போவது கயிறும் அரிவாளுமாய் மலை ஏறுகிற பெண்களைத்தான். வீடு கட்ட 7 பேர்ச் காணி கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலிக்கிறது. பூவுக்கு ஏக்கர் கணக்கில் கொடுப்பார்களா, பார்ப்போம்.

ஊவா_நடைகாரன்
தங்கச்சி, காணி விஷயத்தை இதில் கலக்க வேண்டாம். அதற்கு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் மாடு பூத்தண்டைக் கடிப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தண்டு போனால் காய் இல்லை, காய் இல்லாவிட்டால் விதை இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வடமராட்சி_வாத்தி
வேலி கிடக்கட்டும். எனக்குப் பயம் மரக்கன்றைப் பார்த்துத்தான். நான் படிப்பிக்க மலைக்கு வந்தவன், சொந்த ஊர் மணற்காட்டுப் பக்கம். மணல் பறக்காமல் இருக்க அங்கே சவுக்கு வைத்தார்கள். காற்றை மறிக்க நல்லதுதான். ஆனால் சவுக்குச் சருகு தடிப்பாய் விழுந்த இடத்தில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் ஏறாது. அவை வெயிலையும் அசைகிற மணலையும் நம்பிப் பிழைக்கிற செடிகள்.

இதைவிடப் பெரிய கதை கலிபோர்னியாவில் நடந்தது. மென்சிஸ் வால்பிளவர் என்று ஒரு பூ. கடுகுக் குடும்பம், அதுவும் மஞ்சள், அந்தக் கடலோர மணல்மேடுகளின் சொந்தப் பூ. மணலைக் கட்டிப்போட வேண்டும் என்று ஐரோப்பாவிலிருந்து ஒரு கடற்கரைப் புல்லைக் கொண்டுவந்து நட்டார்கள். மணல் அசையாமல் நின்றது, பூ நெருக்குண்டு போனது. வாகனங்களும் கட்டடங்களும் இன்னொரு பக்கம் கெடுத்தன. 1992இல் அமெரிக்க அரசு அதை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலில் சேர்த்தது. அப்புறம் ஹம்போல்ட் குடாவை ஒட்டிய லான்பியர் மணல்மேடுகளில் அந்தப் புல்லைக் கையால் தோண்டி எடுத்தார்கள், திரும்ப முளைக்க முளைக்கத் தோண்டினார்கள். அங்கே பாதுகாப்பு வேலை என்பதே முன்னால் நட்டதைப் பிடுங்குவதுதான்.

இங்கேயும் புல்மலை வீணாய்க் கிடக்கிறது என்று சொல்லித்தான் பைனஸ் மரம் நட்டார்கள். அந்த ஊசிச் சருகுக்குள் போய்ப் பாருங்கள், புல்லே இல்லை. பிறகு எங்கே நாகமேரு?

கறுப்புத்_தேத்தண்ணி
வாத்தியார், உதாரணம் முழுக்கப் பொருந்தாது. நீங்கள் சொன்ன பூ சில வருசம் வளர்ந்து, ஒரே ஒரு தடவை பூத்து, விதை விட்டுச் செத்துப்போகிற சாதி. அதற்கு விதைதான் எல்லாம். நாகமேரு கிழங்கில் பிழைத்துக் கிடந்து திரும்பவும் துளிர்க்கிறது. மாடு தண்டைக் கடித்தால் ஒரு வருசப் பூ போகும். கிழங்கைக் கிண்டினால் செடியே போச்சு. அதனால் மாட்டோடும் மரத்தோடும் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, கிழங்கை வாங்குகிறவனைப் பிடியுங்கள். வாங்க ஆள் இருக்கும்வரை தோண்ட ஆள் இருக்கும்.

வடமராட்சி_வாத்தி
விதை, கிழங்கு வித்தியாசம் சரி. நிழலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தம்பி. மேலே மரம் மூடிவிட்டால் எந்தக் கிழங்கும் எத்தனை வருசம் தாக்குப்பிடிக்கும்?

பழைய_கங்காணி_மகன்
எல்லோரும் படித்த கதை பேசுகிறீர்கள். எங்கள் அப்பா காலத்தில் ஒவ்வொரு வறட்சிக்கும் மானா எரியும். மழை விழுந்ததும் பச்சை பிடிக்கும், பூவும் வரும். வேலியும் இல்லை, மரமும் இல்லை, மனுவும் இல்லை. இப்போது யாராவது ஒரு நெருப்புக்குச்சியைக் கிழித்தால் ஊரே கத்துகிறது.

கறுப்புத்_தேத்தண்ணி
ஐயா, கத்தத்தான் வேண்டும். கிழங்கு மண்ணுக்குள் தப்பிக்கும், சரி. அந்த மண்ணே நிற்க வேண்டுமே? எரிந்த சரிவில் முதல் பெருமழை மேல்மண்ணை வழித்துக்கொண்டு போகும். தீ புல்லோடு நிற்பதும் இல்லை, மேலே சோலைக்குள் ஏறும். அந்த மரங்கள் நெருப்புக்குப் பழகியவை அல்ல. நம்ம பீலித் தண்ணீர் அந்தச் சோலையிலிருந்துதான் வருகிறது. உங்கள் அப்பா காலத்தில் புல்மலை இன்னும் அகலமாய் இருந்தது. ஒரு பக்கம் எரிந்தால் மறுபக்கம் பிழைக்கும். இப்போது மிஞ்சியிருப்பது ஒரு துண்டு.

ரோசா_வளவு
இவ்வளவு சண்டை எதற்கு? நாலைந்து கிழங்கை எடுத்துவந்து சட்டியில் வைத்தால் என்ன? நான் அந்தூரியம் வளர்க்கிறவள், பார்த்துக்கொள்வேன்.

வடமராட்சி_வாத்தி
பிள்ளை, கோபிக்க வேண்டாம், அதுவும் தோண்டல்தான். அதோடு ஓர்க்கிட் விதை தூசி மாதிரி, உள்ளே சாப்பாடு கிடையாது. மண்ணில் உள்ள ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் காட்டில் அது முளைக்கும். சட்டியில் கிழங்கு பூக்கலாம், அந்தப் பூஞ்சையும் புல்லும் வண்டும் சட்டிக்குள் வராது. ஆய்வுகூடத்தில் ஊட்டச்சத்துக் கூழில் ஓர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம். ஒரு காயை முறைப்படி அனுமதி எடுத்து ஹக்கலை, பேராதனைத் தாவரவியல் பூங்காக்களில் ஒன்றுக்குக் கொடுப்பதென்றால் நான் உங்கள் பக்கம். காய் கொடுத்தால் கிழங்கு மண்ணிலேயே இருக்கும்.

மட்டுறுத்துனர்
குளிர்காற்று என்ற உறுப்பினர் போட்ட படத்தை நீக்கியிருக்கிறோம். பூவுக்குப் பின்னால் கோயிலும் தோட்டத்துப் பெயர்ப்பலகையும் தெரிந்தன. இடத்தைக் காட்டிக்கொடுக்கிற எதையும் போட வேண்டாம்.

குளிர்காற்று
ஒளித்து ஒளித்து வைத்தால் எவன் அக்கறைப்படுவான்? 2013இல் ஹோட்டன் சமவெளியில் நெலு பூத்தபோது சனம் போய்ப் பார்த்தது. பன்னிரண்டு வருசத்துக்கு ஒரு தடவை பூக்கிற செடி நம்ம மலையில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்ததே அப்படித்தான்.

ஊவா_நடைகாரன்
நெலுவை எவனும் தோண்டி விலை பேசுவதில்லை. அது பூத்தது தேசியப் பூங்காவுக்குள், வாசலில் டிக்கெட்டும் காவலும் உண்டு. இந்தச் சரிவுக்குக் காவல் யார்?

லயத்து_செல்வி
யாரா? நாங்கள்தான். அந்தச் சரிவில் தினம் கால் வைக்கிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? குழி புதுசா பழசா, வந்தது எந்தப் பக்கத்து ஆள் என்று எங்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் கண்டதை யாரிடம் சொல்வது? முறைப்பாடு சொல்ல ஒரு தடவை போன் எடுத்தேன், அந்தப் பக்கம் தமிழ் தெரிந்த ஆள் இல்லை. வைத்துவிட்டேன்.

பூ இருக்கிற துண்டை, காய் வெடித்து விதை பறந்த பிறகு அறுக்கிறோம். அதுவரை மற்றப் பக்கம் அறுக்கலாம், அங்கே புல் இருக்கிறது. அறுக்காமலே விட்டால் மானா ஆள் உயரத்துக்கு எழும்பி அந்தப் பூவை மூடாதா? வேலி போட்டவர்கள் உள்ளே வந்து புல் அறுப்பார்களா?

வடமராட்சி_வாத்தி
செல்வி கடைசியில் கேட்ட கேள்விக்கு மனுவில் பதில் இல்லை. அதை எழுதாமல் அனுப்பினால் அந்த மனுவால் பிரயோசனம் இல்லை.

ஊவா_நடைகாரன்
சரி. மரக்கன்று வரியை எடுத்துவிட்டேன். புல் அறுப்புக்குத் தடை என்பதை “காய் வெடிக்கும்வரை” என்று மாற்றுகிறேன். வேலியை முழுக்க விடமாட்டேன். தோண்டுகிறவர்கள் பெரிய ரோட்டில் வான் நிறுத்தி ஏறுகிற பக்கம் மட்டும். மேய்ச்சலுக்கு இன்னும் சம்மதம் இல்லை. அறுப்பது வேறு, மேய்வது வேறு. ஈர நாளில் குளம்பு பட்டால் சரிவு உடைகிறது.

கறுப்புத்_தேத்தண்ணி
ரோட்டுப் பக்கம் மட்டும் வேலி என்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று போர்டு வைத்த கணக்கு.

லயத்து_செல்வி
மேய்ச்சலைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் பேசுவோம் அண்ணே. மாடு வைத்திருக்கிற எல்லாரும் வருவார்கள். மனுவைச் சிங்களத்திலும் எழுதி எடுத்து வாருங்கள். முறைப்பாடு சொன்னால் எடுக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதையும் அதில் போடுங்கள். கையெழுத்து அப்புறம்.