புதுப்பிப்பு: ரப்பர் ஷீட்டின் வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கில் 2 திருத்தங்கள்

வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கு என்பது ஒரு பொருளைத் தயாரிப்பதில் சூழலுக்கு ஏற்படும் மொத்தப் பாதிப்பைக் கூட்டிப் பார்ப்பது. கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், திருவட்டாறு பக்கத்துச் சிறு ஷீட் கூடங்களுக்காகப் போட்ட முந்தைய பதிவில், அந்தக் கணக்குக்கு ஒரு லிட்டர் ரப்பர் பாலை அலகாக வைத்திருந்தோம். அது தவறு. பாலில் உலர் ரப்பர் 30 சதவீதம் என்றால் ஒரு கிலோ ஷீட்டுக்கு 3.3 கிலோ பால் வேண்டும். 36 சதவீதம் என்றால் 2.8 கிலோ போதும். மழைக்காலக் கணக்கையும் வேனில் கணக்கையும் லிட்டரில் ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. இனி அலகு: புகையில் உலர்ந்த ஒரு கிலோ ஷீட். ஒட்டுப்பாலுக்கும் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த ரப்பர்) பாதிப்பில் அதன் பங்கைப் பிரித்துக் கொடுங்கள்.

இரண்டாவது, பெரியது: கழிவுநீர். ஷீட்டைப் புகையில் உலர்த்த எரிக்கும் விறகுதான் முதல் எதிரி என்று முந்தைய பதிவில் எழுதியது அவசரம். உலர் ரப்பர் 12.5 சதவீதமாகும்படி பாலில் நீர் சேர்த்து உறையவைத்தால், ஒரு கிலோ ரப்பருக்கு சுமார் 7 கிலோ தெளிநீர் வெளியேறும்; ரோலரில் கழுவும் நீர் தனி. அது குழியில் காற்றின்றிப் புளித்தால் மீத்தேன். ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு) கெழுக்களின்படி, ஒரு கிலோ சிஓடிக்கு (கழிவுநீரிலுள்ள கரிமக் கழிவை, அதை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனைக் கொண்டு சொல்லும் அளவு) 2 மீட்டருக்கு மேல் ஆழமான குளத்தில் 0.2 கிலோ மீத்தேன் வரும். ஆழம் குறைந்ததில் 0.05. புவியைச் சூடாக்குவதில் மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடைப் போல 27 மடங்காக எடுத்தால் முறையே 5.4, 1.35 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். குழியைத் தோண்டத் தோண்டக் கணக்கு ஏறும்! மூடிய எரிவாயுக் கலன் வைத்தால் அந்த வாயுவே புகைக்கூட்டு விறகைக் கொஞ்சம் மிச்சப்படுத்தும்.

சிஓடியை ஊகிக்காதீர்கள், ஆய்வகத்தில் அளந்து போடுங்கள். பாலை உறையவைக்கும் ஆசிட் கூடினால் கழுவும் நீரும் கூடும்.

விறகை உலர்த்தி எரிப்பது இன்னும் சரியான யோசனைதான். ஈர விறகில் வெப்பத்தின் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும்.