பெர்முடா புல் ரோஜாப் பாத்திக்குள் ஏறுகிறது, எப்படித் தடுப்பது?

கேள்வி:
புல்தரையை ஒட்டி 20 அடி நீளத்தில் ரோஜா, செம்பருத்திப் பாத்தி. நடுவில் செங்கல்லைச் சாய்த்துப் பல்வரிசையாகப் பதித்திருக்கிறது. மாதாமாதம் பிடுங்கினாலும் ரோஜாத் தூரிலிருந்தே புல் வருகிறது. களைத்தடுப்பு ஷீட் விரித்தால் நிற்குமா?

பதில் 1:
நிற்காது. பெர்முடா நம்ம அருகம்புல் இனம்தான். மேலே கொடி ஓடும், மண்ணுக்குள் வெள்ளை வேர்த்தண்டு ஓடும். அதன் நுனியைத் தொட்டுப் பாருங்கள், ஊசி மாதிரி இருக்கும். நெய்த ஷீட்டைத் துளைத்துவிடும். செங்கல் இடுக்கு அதற்குத் திறந்த வாசல்.

10 அங்குல அகலத்தில் கடப்பா கல் வெட்டி வாங்கி நிறுத்துங்கள்: 8 அங்குலம் மண்ணுக்குள், 2 அங்குலம் வெளியே. இணைப்புகளை 1:4 சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். பெரும்பாலும் தோற்பது அந்த இணைப்பில்தான். பிறகு மண்ணோ தழையோ சேர்ந்து அந்த 2 அங்குலம் மறைந்தால் கொடி சுலபமாகத் தாண்டிவிடும்.

பதில் 2:
கல் பதிக்கும் முன் உள்ளே இருப்பதை எடுக்காவிட்டால், புல்லைப் பாத்திக்குள் வைத்துக் கட்டின மாதிரி. மண்வெட்டியால் கொத்தாதீர்கள், வெட்டுப்படும் ஒவ்வொரு கணுவும் தனிச்செடி. முதல் நாள் தண்ணீர் விட்டு, கடப்பாரையால் நெம்பித் தளர்த்தி, தண்டை முழுசாக உருவுங்கள். உருவியதை உரக்குழியில் போடாமல் சிமென்ட் தரையில் முறுகக் காய விடுங்கள்.

தூருக்குள் சிக்கியதற்குக் குவிசலோஃபாப் எத்தில் 5% ஈசி (EC, தண்ணீரில் கலக்கும் திரவ வடிவம்) என்ற களைக்கொல்லி, லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. புல் இனத்தை மட்டும் கொல்லும், அதனால் சாரல் புல்தரையில் பட்டால் அதுவும் போச்சு. காற்றில்லாத காலையில், அட்டை மறைப்பு வைத்து அடிக்கவும். காய்கறி, கீரைப் பாத்தி என்றால் கைக்களைதான்.

கேள்வி கேட்டவர்:
உருவியதில் சிலவற்றின் தண்டு முக்கோணமாக இருக்கிறது, அடியில் கறுப்புக் கிழங்கு.

பதில் 2:
அது கோரை. மேலே சொன்ன மருந்து கேட்காது, கல்லும் பெரிதாக உதவாது. கிழங்கோடு தோண்ட வேண்டும், தளிர் விட்டால் உடனே மறுபடி. புதிதாகக் கொட்டிய செம்மண்ணோடு வந்திருக்கும், அதைச் சலித்துப் போடுங்கள்.

பதில் 3:
ஒன்று விட்டுப்போச்சு. நைலான் நரம்பு மெஷினில் ஓரம் வெட்டினால் கொடித் துண்டுகள் பாத்திக்குள் தெறித்து வேர் பிடிக்கும். ஓரத்துக்குக் கத்தரிதான், மழைக்காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை.