பொருள்: ரெஸ்டோரர் என்பதற்குத் தமிழில் என்ன?

அன்புள்ள நண்பர்களே,

ஓவியப் பராமரிப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பழைய ஓவியம், நாற்காலி, படச்சுருள் எதுவானாலும் முந்தைய நிலைக்குக் கொண்டுவரும் ‘ரெஸ்டோரர்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறார். மேலும் சிதையாமல் காப்பவரான ‘கன்சர்வேட்டர்’ அதே வரியில் வருவதால், இருவருக்கும் ‘பாதுகாப்பாளர்’ என்று போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. இப்போதைக்கு ‘மீட்டுநர்’ என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

———

> இப்போதைக்கு ‘மீட்டுநர்’

வீணை வாசிப்பவரா? மீட்பர் என்றால் இயேசு. மீட்பாளர் என்றால் வெள்ளத்தில் படகோடு வருபவர். அந்த வேரே வேண்டாம். ‘புதுப்பிப்பாளர்’ என்று போடுங்கள், எல்லோருக்கும் புரியும்.

———

ஐயா, புதுப்பித்தால் கெட்டது! ஊகம் தொடங்கும் இடத்தில் இந்த வேலை நின்றுவிட வேண்டும் என்கிறது நினைவுச்சின்னங்களைப் பேணுவதற்கான சர்வதேச நெறித்தொகுப்பான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், 9ஆம் பிரிவு. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. பதிப்பில் அந்த எண்கள் வெறுமையாகத்தான் நிற்கின்றன, யாரும் தாமே பாட்டெழுதி நிரப்பிவிடவில்லை. அந்த அடக்கம் சொல்லிலும் தெரிய வேண்டும்.

என் பரிந்துரை ‘செப்பநர்’. குறள் 112 பாருங்கள்: ‘செப்பம் உடையவன் ஆக்கஞ் சிதைவின்றி எச்சத்திற் கேமாப்பு உடைத்து’. செப்பம், சிதைவின்மை, எச்சம் மூன்றும் ஒரே குறளில்! அங்கே எச்சம் வழித்தோன்றல்தான். எஞ்சிய பொருள் என்று கொண்டால் என்ன குறைந்துவிடும்?

———

பரிமேலழகர் குறைந்துவிடுவார். நடுவுநிலைமை அதிகாரத்தை வார்னிஷ் டப்பாவுக்குள் அடைக்காதீர்கள்.

தவிர, -நர் விகுதி வினையோடு சேரும்: இயக்குநர், பெறுநர், அனுப்புநர். செப்பம் பெயர்ச்சொல். ‘செப்புநர்’ ஆக்கினால் பேசுபவர் ஆகிவிடுவார். கல்வெட்டுகளில் ‘புதுக்குப்புறம்’ என்றொரு சொல் உண்டு, பழுதுபார்க்கும் செலவுக்கென விட்ட நிலம். ஆகவே ‘புதுக்குநர்’.

———

அந்தக் ‘குநர்’ கண்ணாடி முன் நின்று சொன்னால்தான் வரும் போலிருக்கிறது. அப்புறம், -நரா -னரா? ஓட்டுநர் சரியென்றால் ஊரெல்லாம் ஓட்டுனர் என்று எழுதுகிறார்களே?

———

அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம், தயவுசெய்து. போன முறை அது முடியவே இல்லை.

———

நான் சொல்வது யாருக்கும் பிடிக்காது. இந்தத் தொழிலில் இருப்பவரிடம் கேட்டால் ‘ரெஸ்டோரர்’ என்றுதான் சொல்வார். அப்படியே எழுதி, முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். பஸ்ஸும் காபியும் பிழைத்துக்கொள்ளவில்லையா?

———

பஸ்ஸுக்குப் பேருந்தும் வந்ததே அம்மா. ‘சீரமைப்பாளர்’ என்ன குறை?

———

சீரமைப்பு நிர்வாகத்துக்கும் சாலைக்கும் போய்விட்டது. இருந்ததைவிட நன்றாக்குவது என்ற வாடையும் அடிக்கிறது. இந்த ஆளுக்கு அந்த உரிமை இல்லை. மீட்டு அமைத்தல், ‘மீட்டமைப்பாளர்’ என்று வைக்கலாம். வீணையும் ஒலிக்காது, படகும் வராது.

———

நீளம்தான், ஆனாலும் புரிகிறது. என் வாக்கு இதற்கே.

———

எனக்கும். இனி முடியாது.

———

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. ‘மீட்டமைப்பாளர்’ என்று போட்டு அனுப்புகிறேன், கன்சர்வேட்டர் ‘பேணுநர்’ ஆகிவிட்டார்.

———

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். என் கைபேசியில் ‘மீட்டமை’ என்ற பொத்தானை அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். அவரிடமா ஓவியத்தைக் கொடுக்கப் போகிறீர்கள்? என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளவும். குறள் 112 குறித்து விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.