பெரியம்மாவின் தேவதாருப் பெட்டியில் எதை வைக்கலாம்?

நூல்கண்டு கேட்கிறார்:

பெரியம்மா தன் வீட்டைக் காலி செய்தபோது அவருடைய தேவதாருப் பெட்டி என்னிடம் வந்து சேர்ந்தது. நான்கு அடி நீளம். மூடியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். சிறுவயதில் அதைத் திறந்தால் அறையே மணக்கும். இப்போது தலையை உள்ளே விட்டால்தான் லேசாக ஏதோ தெரிகிறது. கட்டிலின் கால்மாட்டில் போட்டிருக்கிறேன்.

இரண்டு கம்பளிப் போர்வைகள், பெரியம்மா பின்னிய ஸ்வெட்டர்கள், புகைப்பட ஆல்பங்கள், அவருடைய கடிதக் கட்டு எல்லாவற்றையும் இதிலேயே வைத்துவிட நினைக்கிறேன். உள்ளே வார்னிஷ் அடித்தால் மணம் திரும்புமா? மூடியின் மேல் மெத்தை தைத்துப் போட்டால் என் ஆறு வயது மகள் உட்கார்ந்து படிப்பாள். இந்தப் பெட்டி சும்மா மூலையில் கிடக்க எனக்கு மனமில்லை. வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

கம்பளிக்காரி:

ஆல்பங்களையும் கடிதங்களையும் இதில் வைக்கவே வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு. இந்த மரம் எண்ணெய் ஆவியையும் அமில ஆவியையும் ஓயாமல் விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் அது காகிதத்தைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும், புகைப்படங்களுக்கும் ஆகாது. மகளின் பிளாஸ்டிக் பொம்மைகளையும் வைக்க வேண்டாம், சில வகைகள் பிசுபிசுத்துப் போகும்.

26 ஆண்டுகளாக என்னிடம் ஒரு பெட்டி இருக்கிறது. என் மகன் பிறந்தபோது போட்ட வெள்ளைப் பருத்திச் சட்டையை நேரடியாக அடிப்பலகையின் மேல் மடித்து வைத்தேன். மூன்று ஆண்டு கழித்து எடுத்தால், மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த மடிப்பு முழுவதும் பழுப்புக் கறை. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். அதன் பிறகு, பலமுறை துவைத்த பழைய பருத்தி விரிப்பை அடியிலும் பக்கங்களிலும் விரித்துத்தான் எதையும் வைக்கிறேன். மணம் துணியைத் தாண்டி வந்துவிடும், கறை வராது. விரிப்பை ஆண்டுக்கு ஒருமுறை துவைத்துப் போடுகிறேன்.

இந்தப் பெட்டிக்கு உரிய பொருள் கம்பளிதான். ஆனால் அந்துப்பூச்சியை மரம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை. அதன் புழுதான் கம்பளி, பட்டு, இறகு ஆகியவற்றைத் தின்கிறது. புதிய மரத்தின் எண்ணெய், முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த சின்னஞ்சிறு புழுவைக் கொல்லக்கூடும். முட்டையையும் வளர்ந்த புழுவையும் அது ஒன்றும் செய்யாது. அதனால் துவைத்து, நன்றாக உலர்த்தி, பிறகு வையுங்கள். ஒருமுறை உடுத்திய ஸ்வெட்டரில் இருக்கும் வியர்வையும் உணவுக் கறையும் புழுவுக்கு விருந்து. கூடவே அந்துருண்டை போடாதீர்கள். அந்த நெடி மரத்தில் ஏறிவிட்டால் எளிதில் இறங்காது.

உளிப்பிடி:

வார்னிஷ் வேண்டவே வேண்டாம். உட்புறத்தில் எதைப் பூசினாலும் மணம் வரும் வழி அடைபட்டுவிடும். பெட்டியின் மணம் செத்துவிடவில்லை. மேற்பரப்பில் இருந்த எண்ணெய்தான் ஆவியாகிப் போயிருக்கிறது. 150 எண் உப்புத்தாளால் மர இழையின் போக்கிலேயே லேசாகத் தேயுங்கள். அழுத்த வேண்டாம், நிறம் கொஞ்சம் பளிச்சென்று தெரிந்தால் போதும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், இந்தத் தூள் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். தூளைத் தூசி உறிஞ்சும் கருவியால் எடுங்கள், ஈரத்துணி வேண்டாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் போதும். வெளிப்புறத்துக்கு மெழுகு போடலாம். வெயில் நேராக விழும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், பலகை வெடிக்கும்.

உங்கள் பெட்டி உட்புறம் சிவந்திருந்தால், அது பெரும்பாலும் சிவப்புத் தேவதாரு என்று பெயர் பெற்ற ஜூனிபர் மரம். ஒரு காலத்தில் பென்சில்களை இந்த மரத்தில்தான் செய்தார்கள். தேய்க்கும்போது பழைய பென்சிலைச் சீவிய வாசனை வரும் பாருங்கள், அப்போது தெரிந்துகொள்வீர்கள்.

வாசற்படி:

குழந்தை இருக்கும் வீடு என்பதால் கேட்கிறேன்: மூடியை மூடினால் பூட்டு தானாக விழுகிறதா? பழைய பெட்டிகள் பலவற்றில் அப்படித்தான். உள்ளே ஒளிந்த குழந்தையால் திறக்க முடியாது, காற்றும் போகாது. அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 1912 முதல் 1987 வரை செய்யப்பட்ட லேன் நிறுவனப் பெட்டிகளுக்குப் பூட்டை மாற்றித் தரும் திட்டமே 1996இல் அறிவிக்கப்பட்டது. பூட்டைக் கழற்றிவிட்டுத்தான் மெத்தையைப் பற்றி யோசிக்க வேண்டும். மூடி சட்டென்று விழாமல் தாங்கும் கீலும் போடுங்கள், விரல் நசுங்காது.

நூல்கண்டு:

வாசற்படி எழுதியதைப் படித்தவுடன் எழுந்துபோய் மூடிப் பார்த்தேன். "டக்" என்று பூட்டிக்கொண்டது. கை நடுங்கிவிட்டது. நான்கு திருகாணிகள்தான், அப்போதே கழற்றிவிட்டேன். கீலுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆல்பங்களும் கடிதங்களும் அலமாரிக்குப் போய்விட்டன. உப்புத்தாள் வேலை வார இறுதியில்.

துவைக்க எடுத்தபோது பச்சை ஸ்வெட்டரின் கைப்பகுதியில் கடுகளவு ஓட்டைகள் மூன்று கண்ணில் பட்டன. பக்கத்தில் மணல் போல ஏதோ உதிர்ந்திருந்தது. தூக்கிப் போட முடியாது, பெரியம்மா கடைசியாகப் பின்னியது அதுதான். என்ன செய்வது?

கம்பளிக்காரி:

தூக்கிப் போடாதீர்கள், காப்பாற்றலாம். அந்த மணல் புழுவின் எச்சம். ஸ்வெட்டரை பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. குளிர் முழுவதும் விட்டுப் போகட்டும், இல்லையென்றால் கம்பளி நனைந்துவிடும். பிறகு துவைத்து, ஓட்டைகளை அதே நிறக் கம்பளி நூலால் இழை ஓட்டி அடையுங்கள். இந்த ஒன்றை மட்டும் வைத்தால் போதாது, இதோடு சேர்ந்து கிடந்த மற்ற ஸ்வெட்டர்களையும் போர்வைகளையும் முறை வைத்து ஃப்ரீசரில் வையுங்கள். அதுவரை பெட்டி காலியாகவே இருக்கட்டும்.