வாக்கிங்ல வேற நாய்ங்க பாய்ஞ்சா நம்ம நாயைக் காப்பாத்துறது எப்படிங்க?

பெருந்துறைப்பீகிள்:
11 கிலோ பீகிளுங்க, பொட்டை. வெடியால தெருநாய்த் தொல்லை. பொழுதோட (சாயங்காலம்) இட்டேரில, அதாவது தோட்டத்து வேலிகளுக்கு நடுவுல போற மண் பாதையில, போனா தோட்டத்து நாய். இப்ப இருக்குறது 5 மீட்டர் நீளுற கயிறு. என்ன மாத்தோணும்? பாய்ஞ்சு வந்தா தூக்கிக்கலாமுங்களா?

வாய்க்கால்மேடு:
முதல்ல அந்தக் கயிறை மாத்துங்க. சுருட்டுறதுக்குள்ள சண்டை ஆரம்பிச்சிரும், மெல்லிசுக் கயிறு விரலையும் அறுத்துரும். 5 அடி நைலான் பட்டைக் கயிறு, முதுகுல கைப்பிடி வெச்ச ஹார்னஸ் (நெஞ்சைச் சுத்தி மாட்டுற பட்டை), ரெண்டும் போதும். கழுத்துப் பட்டை மட்டும் போட்டா, பயந்து பின்வாங்குற நாய் தலையை உருவிட்டு ஓடிரும். தூரத்துல நாயைப் பாத்ததும் கயிறை இறுக்காதீங்க. இறுக்கினா உங்க நாயும் முறைக்க ஆரம்பிக்கும். கொக்கி தொங்குற அளவு தளர்த்தி, உங்க நாயை அக்கட்டாலப் பக்கம் மாத்திக்கிட்டு, வளைஞ்சு போங்க. ஓடாதீங்க.

தூக்குறதுன்னா மேல வைக்க இடம் இருக்கோணும்: காம்பவுண்டு சுவர், நிக்குற ட்ரெய்லர். கையில வெச்சிருந்தா வர்ற நாய் உங்க மேல தாவும்.

பட்டிக்காவல்:
குச்சியை விட பட்டன் குடை நல்லதுங்க. தரையோட சாய்ச்சு, வர்ற நாயோட மூஞ்சிக்கு நேரா விரிக்கோணும். உங்க நாய் காலுக்குப் பின்னால. வீட்லயே பழக்குங்க, முதல்ல மெதுவா விரிச்சு தீனி போட்டு. இல்லாட்டி உங்க நாய்தான் முதல்ல மிரளும்.

தெருநாய்க்கு, குனிஞ்சு கல்லு எடுக்குற மாதிரி காட்டினாலே பெரும்பாலும் பின்வாங்கும். பட்டி நாய்க்கு அது எடுபடாது, ஆட்டைக் காக்குறது அதோட வேலை. குரைக்க ஆரம்பிச்ச இடத்துலயே நின்னு, முதுகு காட்டாம பின்னால நகருங்க, எல்லை தாண்டினா விட்ரும். தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லி, பொழுதோட அந்த நேரம் கட்டி வெக்கச் சொல்றது இன்னும் மேல். குட்டி போட்ட நாய் இருக்குற இட்டேரிப் பக்கமே ரெண்டு மாசம் போகாதீங்க.

கால்நடைக்கை:
கடிச்சுப் பிடிச்சிருச்சுன்னா இழுக்காதீங்க, சதை கிழியும். கழுத்துப் பக்கம் கை விடவே கூடாது. பாட்டில் தண்ணியைக் கடிக்கிற நாயோட மூக்குல ஊத்துங்க. பிடி விட்டதும், ஆளுக்கொரு நாயோட பின்னங்கால் ரெண்டையும் தொடைகிட்டப் பிடிச்சுத் தூக்கி, வளைஞ்சு வளைஞ்சு பின்னால நடக்கோணும். நேரா நின்னா திரும்பிக் கடிக்கும்.

அப்புறம் ரோமத்தை விலக்கிப் பாருங்க. வெளிய ரெண்டு சின்ன ஓட்டைதான் தெரியும், உள்ள தோல் சதையை விட்டுப் பிரிஞ்சு பை மாதிரி இருக்கும். மஞ்சளோ களிம்போ பூசி மூடினா ரெண்டு மூணு நாள்ல சீழ் கட்டிரும். ஓடுற தண்ணில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்னைக்கே டாக்டர்கிட்ட கொண்டு போங்க. போன வருஷம் வெறிநாய் ஊசி போட்டிருந்தாலும் மறுபடி போடோணும். உங்க கையில பல் பட்டா நீங்களும் அதே மாதிரி கழுவிட்டு அரசு ஆஸ்பத்திரி போங்க. முதல் ஊசி போடுற நாளை 0ன்னு வெச்சு, 0, 3, 7, 28ம் நாள்னு மொத்தம் நாலு தடவை ஊசி.

பெருந்துறைப்பீகிள்:
மொளகாய் ஸ்ப்ரே கையில வெச்சுக்கலாமுங்களா?

பட்டிக்காவல்:
வேண்டாமுங்க. காத்து திரும்பினா உங்க கண்ணுலயும் உங்க நாய் மூக்குலயும்தான் படும். இட்டேரில காத்து எப்பப் பாத்தாலும் சுழண்டுக்கிட்டேதான் இருக்கும்.