ஸ்ட்ராபெரியை ஃப்ரீசரில் வைக்கச் சர்க்கரை அவசியமா?

பூனா மீனா:
போன வாரம் மகாபலேஷ்வர் பக்கத்துப் பஞ்சகனியிலிருந்து திரும்பும்போது தோட்டத்திலேயே 4 கிலோ ஸ்ட்ராபெரி வாங்கி வந்தேன். மகாபலேஷ்வர் பழம் கோடை முற்றுவதற்குள் முடிந்துவிடும், அப்புறம் அடுத்த குளிர்காலம்தான். அதனால் வருஷா வருஷம் ஃப்ரீசரில் சேர்த்து வைப்பேன். இந்த முறை பக்கத்து வீட்டம்மா, "சர்க்கரை போட்டுப் பிசறி வைக்காவிட்டால் கெட்டுப்போகும்" என்று அடித்துச் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. உறைந்த பழத்தைக் கெடாமல் காப்பது குளிர்தான், சர்க்கரை இல்லை.

நான் செய்வது இவ்வளவுதான். காம்போடு கழுவுவேன், காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் பழத்துக்குள் தண்ணீர் இறங்கிவிடும். வேட்டித் துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்து, பிறகு காம்பை எடுத்து, எவர்சில்வர் தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அடுக்கி ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் விட்டுவிடுவேன். காலையில் தட்டை அசைத்தால் கூழாங்கல் மாதிரி கலகலவென்று உருளும். ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடினால் முடிந்தது. வேண்டும்போது நாலு பழம் மட்டும் எடுக்கலாம். சர்க்கரை போட்டால் இது முடியுமா?

மதுரை வள்ளி:
மீனாக்கா, கெடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கெடாமல் இருப்பது வேறு, வாயில் வைக்க நன்றாக இருப்பது வேறு. உங்கள் கூழாங்கல்லை ஒரு தட்டில் வைத்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். பழம் சப்பையாகப் படுத்திருக்கும், சுற்றிலும் சிவப்புத் தண்ணீர் தேங்கியிருக்கும். மேல்தோல் மங்கிப் பழுப்பு தட்டியிருக்கும். மணமும் பாதிதான்.

நான் பழத்தை இரண்டாக நறுக்கி, கிலோவுக்குக் கால் கிலோ சீனி தூவி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுவேன். சீனி கரைந்து பழச்சாறோடு பாகு மாதிரி ஆகிவிடும். அதையும் சேர்த்து டப்பாவில் அடைத்துவிடுவேன். அந்தப் பாகு பழத்தை மூடிக்கொள்வதால் காற்று படுவதில்லை, நிறம் அப்படியே நிற்கும். பழத் தொழிற்சாலைகளிலும் நாலு பங்கு பழத்துக்கு ஒரு பங்கு சீனி என்று வைப்பது பழைய வழக்கம். காரணம் இல்லாமலா செய்கிறார்கள்?

டொராண்டோ செல்வி:
நான் மீனா பக்கம். இங்கே ஒன்டாரியோவில் ஜூன் மாதம் தோட்டத்துக்குப் போய் நாங்களே பறித்துக்கொள்வோம். வாளி வாளியாக வரும், எல்லாம் சீனி இல்லாமல்தான் டீப் ஃப்ரீசருக்குப் போகும். 10 மாதம் கழித்தும் ஸ்மூத்திக்கு அருமையாக இருக்கும். வள்ளி, நீங்கள் அதை உருகவிட்டுச் சாப்பிடுவதுதான் பிரச்சினை. ஃப்ரீசரில் இருந்த ஸ்ட்ராபெரியை யாரும் புதுப்பழம் மாதிரி சாப்பிட முடியாது. உறைந்தபடியே மிக்ஸியில் போடுங்கள்.

குன்னூர்க்காரன்:
மூன்று பேருமே சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு ஃப்ரீசரை மறந்துவிட்டீர்கள். ஸ்ட்ராபெரியில் 90 சதவீதம் தண்ணீர். மெதுவாக உறைந்தால் பனிக்கட்டித் துகள்கள் பெரிது பெரிதாக வளர்ந்து செல் சுவரைக் கிழித்துவிடும். வள்ளி சொல்லும் சிவப்புத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. சட்டென்று உறைந்தால் துகள் சிறியதாக இருக்கும், சேதமும் குறையும். செல்வி வீட்டு டீப் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நிற்கும். நம் ஊரில் நிறைய வீடுகளில் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அதன் மேல்பெட்டி பல வீடுகளில் அந்தக் குளிருக்குப் போவதே இல்லை. ஐஸ்கிரீம் வைத்துப் பாருங்கள். மறுநாளும் கரண்டி சுலபமாக இறங்கினால் உங்கள் பெட்டி மாதக்கணக்கில் பழம் வைக்க லாயக்கில்லை. (கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரம் மின்சாரச் சிக்கனத்துக்கானது, குளிருக்கானது இல்லை. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.)

இன்னொன்று, நாலு கிலோவையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். 30 லிட்டர் ஃப்ரீசருக்கு ஒரு நாளில் ஒரு கிலோ போதும். அதற்கு மேல் போனால் எல்லாமே மெதுவாகத்தான் உறையும்.

மதுரை வள்ளி:
குன்னூர் அண்ணே, என் கட்சியைத்தான் பலப்படுத்துகிறீர்கள். என்னிடம் இருப்பது ஒற்றைக் கதவுதான். அதோடு எங்கள் தெருவில் கரண்ட் போனால் இரண்டு மணி நேரம் வராது. போன வருஷம் சீனி இல்லாமல் வைத்த ஒரு கவர் பாதி உருகி, திரும்ப உறைந்து, ஒரே கட்டியாகிவிட்டது. கத்தியால் கொத்தித்தான் எடுத்தேன். சீனிப் பாகில் கிடந்தது நிறம்கூட மாறவில்லை. என் மாதிரி வீடுகளுக்குச் சீனிதான் துணை.

பூனா மீனா:
வள்ளி, நிறத்துக்குச் சர்க்கரை உதவும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கரண்ட் போய் உருகிய பழம் சிவப்பாக இருக்கிறது என்பதற்காக அதை நம்பாதீர்கள். ரொம்ப நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். அப்புறம், என் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை நோய், சின்னவளுக்கு ஒன்றரை வயது. கிலோவுக்குக் கால் கிலோ என்றால் இரண்டு பேருமே தொட முடியாது. நிறம்தான் கவலை என்றால் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிசறி வைத்தாலே பழுப்பு தட்டுவதைத் தள்ளிப்போடலாம்.

டொராண்டோ செல்வி:
குழந்தை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2012இல் ஜெர்மனியில் இறக்குமதியான உறைந்த ஸ்ட்ராபெரியால் நோரோவைரஸ் பரவி சுமார் 11,000 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தது, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், உங்கள் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கழுவினாலும் எல்லாம் போய்விடாது. அதனால் சின்னவளுக்கு ஒரு கொதி விட்டு மசித்துக் கொடுங்கள்.

குன்னூர்க்காரன்:
கொதி விடுவது நல்ல யோசனை. வள்ளி, உங்களுக்கு ஒரு வழி. தட்டை முதல் நாளே ஃப்ரீசரில் வைத்துக் குளிர்வித்துவிட்டு, கால் கிலோ பழம் மட்டும் சீனி இல்லாமல் பரப்பி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துப் பாருங்கள்.

மதுரை வள்ளி:
கால் கிலோ செய்து பார்க்கிறேன் அண்ணே. மீதிக்குச் சீனிதான். மீனாக்கா, அப்பாவுக்கு எடுத்த பழத்தை உருகவிடாமல் மோரில் அடித்துக் கொடுங்கள், இனிப்பே கேட்காது.